வாசல் வாஷிங்டன் கையில், ஜெயில் செலவு மாநிலங்களின் தலையில்: அமெரிக்காவின் ‘ஸ்காப்’ கதை

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரிசோனா ஆளுநர் ஜேனட் நபோலிடானோ, அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித் துறையின் அமைச்சர், ஆல்பர்ட்டோ கொன்சாலஸுக்கு ஒரு பில் அனுப்பினார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி.) பில் தொகை 118 மில்லியன் டாலர். ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் இருந்து, குற்றம் செய்து, தண்டனை பெற்று அரிசோனா சிறைகளில் இருந்தவர்களுக்கு மாநிலம் செலவழித்ததில் வாஷிங்டன் திருப்பித் தராத பாக்கி என்று அவர் சொன்ன தொகை அது. (இப்படித் திருப்பித் தரும் திட்டத்தின் பெயர்தான் ‘ஸ்காப்’.) மளிகைக்கடைக்காரர் மாசக் கடைசியில் நோட்டை எடுத்து நீட்டுவதுபோல ஒரு மாநிலம் தன் நாட்டின் அரசாங்கத்திடமே பாக்கியைக் கேட்டது.

இதைச் சும்மா அரசியல் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. நபோலிடானோ அதற்கு முன் அதே மாநிலத்தில் ஃபெடரல் (மத்திய) அரசு வழக்கறிஞராகவும், பிறகு மாநில அட்டர்னி ஜெனரலாகவும் இருந்தவர். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துதான் பில் போட்டார். சட்டம் உண்மையிலேயே அவர் பக்கம்தான் இருக்கிறது, பாதி வரைக்கும். மீதிப் பாதியில்தான் கோளாறு.

1986 நவம்பரில் ஜனாதிபதி ரேகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தை, பல லட்சம் பேருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்த சட்டம் என்றுதான் இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளே 501ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஆவணமற்ற குடியேறிகளைச் சிறையில் வைக்க மாநிலம் செய்யும் செலவை அட்டர்னி ஜெனரல் திருப்பித் தரவேண்டும் என்கிறது அது. 1980ல் மரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் ஃபுளோரிடாவுக்கு வந்திறங்கிய சுமார் 1,25,000 கியூபர்களில் குற்றவழக்கில் சிக்கியவர்களும் இந்தப் பிரிவுக்குள் வருவார்கள். ‘தரவேண்டும்’ என்று கட்டாயமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் தலையிலேயே, நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் முன்கூட்டி ஒதுக்கப்படும் தொகைக்கு உட்பட்டு, என்று ஒரு சொற்றொடரையும் கோர்த்துவிட்டார்கள். காசு ஒதுக்கினால் தருவோம், ஒதுக்காவிட்டால் கடமையும் கிடையாது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் பல வருஷங்களுக்கு காங்கிரஸ் (அங்கே நாடாளுமன்றத்தின் பெயர்) இந்தப் பிரிவுக்கென்று ஒரு காசுகூட ஒதுக்கவில்லை.

இதற்கிடையில் சிறைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. 1994ல் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடா, நியூயார்க், இல்லினாய், நியூஜெர்சி, அரிசோனா ஆகிய 7 மாநிலங்களை எடுத்துக் கணக்குப் போட்டது. மாநிலச் சிறைகளில் சுமார் 21,000 ஆவணமற்ற கைதிகள், வருஷத்துக்குச் செலவு 471 மில்லியன் டாலர் என்று வந்தது. இது மாநிலச் சிறைகளின் கணக்கு மட்டும்தான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயில்கள், அதாவது ஷெரிஃப் என்ற உள்ளூர்ப் போலீஸ் தலைவர்கள் நடத்தும் சிறைகள், இதில் சேரவில்லை.

அந்த வருஷம் மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஏப்ரலில் ஃபுளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ் மயாமியில் வழக்குப் போட்டார். அதே மாதம் கலிஃபோர்னியா ஆளுநர் பீட் வில்சன். அடுத்தடுத்து அரிசோனா, நியூஜெர்சி, நியூயார்க், டெக்சஸ். இவர்களில் சைல்ஸ் ஜனநாயகக் கட்சி, வில்சன் குடியரசுக் கட்சி, ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மாநிலம், கடற்கரையில் இருக்கும் மாநிலம் என்ற பூகோளம்தான் அவர்களை ஒன்றுசேர்த்தது.

அவர்களுடைய வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இன்றுவரை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்வது அதைத்தான். யார் நாட்டுக்குள் வரலாம், யார் வரக்கூடாது, வந்தவரை எப்போது வெளியேற்றுவது என்பதை ஃபெடரல் அரசு மட்டுமே முடிவுசெய்யும், மாநிலம் தன் எல்லையில் சொந்தமாகக் காவல் போட்டு ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. அப்படியிருக்கும்போது அந்தக் காவல் தவறியதால் வரும் செலவு மட்டும் எப்படி மாநிலத்தின் தலையில் விழலாம் என்று கேட்டார்கள். இதுவரை நியாயமான கேள்வி. ஆனால் கோர்ட்டில் நிற்க அரசியலமைப்பில் ஒரு பிடி வேண்டுமே, அதற்காகப் படையெடுப்பிலிருந்து ஒவ்வொரு மாநிலத்தையும் அமெரிக்கா காக்கவேண்டும் என்று சொல்லும் நான்காம் சரத்தை எடுத்துவந்தார்கள். ஆவணமில்லாமல் வருவோரின் கூட்டம் ஒரு படையெடுப்பு என்றார்கள்.

எனக்கு இந்த இடம் வருத்தம் தருகிறது. பணத்தைக் கேட்க நல்ல காரணம் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, தக்காளி பறிக்கவும் கட்டட வேலைக்கும் வந்த மனிதர்களை எதிரிப் படை என்று வக்கீல்கள் எழுதினார்கள், அந்தச் சொல் பிறகு கோர்ட்டை விட்டு வெளியே வந்து மேடைகளில் குடியேறிவிட்டது. கலிஃபோர்னியாவில் அதே 1994 நவம்பரில், ஆவணமற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும், ஆவணமற்ற எவருக்கும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆவது முன்மொழிவு, மக்களே நேரடியாக ஓட்டுப்போட்டு முடிவுசெய்யும் சட்டம், கிட்டத்தட்ட 59 சதவீத ஓட்டில் ஜெயித்தது, வில்சனும் அதை முன்னிறுத்தியே மறுபடி ஆளுநரானார். (அதன் பெரும்பகுதியைப் பிறகு ஃபெடரல் கோர்ட் நிறுத்திவிட்டது.) இதே வில்சன் 1985ல் செனட்டராக இருந்தபோது, அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பண்ணை முதலாளிகளுக்காகத் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர்களை அனுமதிக்கப் போராடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கோர்ட்டுகள் என்ன சொன்னன? எல்லா மாநிலமும் தோற்றது. 1994 டிசம்பரிலேயே மயாமி கோர்ட் ஃபுளோரிடா வழக்கைத் தள்ளுபடி செய்தது, 1995 நவம்பரில் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. நியூயார்க்கும் நியூஜெர்சியும் 1996ல், கலிஃபோர்னியா, அரிசோனா, டெக்சஸ் 1997ல். படையெடுப்பு என்றால் இன்னொரு அரசின் ஆயுதத் தாக்குதல், ஆட்கள் வேலை தேடி வருவது அதில் சேராது என்று, அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவரான மேடிசனின் எழுத்தையே காட்டிச் சொன்னார்கள். எல்லையை எப்படிக் காப்பது என்பது அரசியல் முடிவு, அதை எடைபோடும் அளவுகோல் நீதிபதிகளிடம் இல்லை என்றார்கள். மூன்றாவதாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவரைக் கைதுசெய், வழக்கு நடத்து, உள்ளே வை என்று வாஷிங்டன் எந்த மாநிலத்துக்கும் உத்தரவு போடவில்லை, கொள்ளையும் கொலையும் மாநிலச் சட்டப்படி குற்றம், தன் சட்டத்தைத் தானே அமல்படுத்தும் மாநிலம் அதற்கான செலவை இன்னொருவர் என்மேல் திணித்தார் என்று சொல்ல முடியாது.

சட்டமாகப் பார்த்தால் இதில் பிழை சொல்வது கஷ்டம். ஆனால் வழக்கில் தோற்றுப்போனதால் கேட்டதே தப்பு என்று ஆகிவிடாது. கோர்ட் சொன்னதன் சாரம், இது எங்களிடம் கேட்கவேண்டிய விஷயமில்லை, காங்கிரஸிடம் போய்க் கேளுங்கள் என்பதுதான்.

காங்கிரஸ் அதற்குள் கொஞ்சம் அசைந்துவிட்டிருந்தது. வழக்குகள் குவிந்த 1994லேயே, செப்டம்பரில் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத்தடுப்புச் சட்டத்தில் புதிய ஏற்பாடு வந்தது. மாநிலமோ கவுண்டியோ எழுதிக் கேட்டால், அட்டர்னி ஜெனரல் இரண்டில் ஒன்றைச் செய்யவேண்டும்: செலவை ஈடுகட்டவேண்டும், இல்லையென்றால் அந்தக் கைதியை ஃபெடரல் காவலில் எடுத்துக்கொள்ளவேண்டும். ஈட்டுத்தொகை எவ்வளவு என்றால், அந்த மாநிலத்தில் ஒரு கைதியைச் சிறையில் வைக்க ஆகும் சராசரிச் செலவு. இவ்வளவு தெளிவாகச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதிலிருந்து பிறந்த திட்டத்தைத்தான் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்காப்’ என்கிறார்கள்.

முதல் வருஷம், 1995ல், 130 மில்லியன் டாலர். மேலே சொன்ன 471 மில்லியனோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் ஏறியது, 1998ல் 585 மில்லியன் வரை போனது. 2002ல் 565. அடுத்த வருஷமே 250, ஒரே வெட்டில் பாதிக்கும் மேல் போய்விட்டது. நபோலிடானோவின் பில் இந்த வெட்டுக்குப் பிறகு வந்தது. 2014ல் 180 வரை இறங்கி, பிறகு 240ஐ ஒட்டி நின்றது. புஷ் நிர்வாகம் இந்தத் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று பட்ஜெட்டில் எழுதியது, ஒபாமா நிர்வாகமும் எழுதியது, ட்ரம்ப் நிர்வாகமும் எழுதியது. ஒவ்வொரு தடவையும் காங்கிரஸில் கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து நின்று ஏதோ ஒரு தொகையை மீட்டுக்கொண்டார்கள். திட்டம் சாகவுமில்லை, முழுசாக வாழவுமில்லை.

சரி, கைக்கு வரும் பணம் எப்படிக் கணக்காகிறது என்று ஒரு கவுண்டி ஜெயிலுக்குள் போய்ப் பார்க்கலாம். எண்களை நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டேன், கணக்குப்போடும் முறை திட்டத்தின் முறைதான். ஜெயிலில் நாள் ஒன்றுக்கு 500 பேர் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,82,500 கைதி-நாட்கள். காவலர்களின் மொத்தச் சம்பளம் 91,25,000 டாலர் என்றால், கைதி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 டாலர். ஆவணமில்லாத ஒருவர், திருட்டு வழக்கில் தண்டனையாகி, அங்கே 200 நாள் இருந்திருக்கிறார். கவுண்டி கேட்கக்கூடிய தொகை 10,000 டாலர். கவனியுங்கள், இதில் காவலர் சம்பளம் மட்டும்தான் இருக்கிறது. அவர் சாப்பிட்ட சாப்பாடு இல்லை, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் கொடுத்தால் அது இல்லை, பல்வலிக்கு வெளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டி இல்லை, மின்சாரம் இல்லை, கட்டடக் கடன் இல்லை. எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 120 டாலர் ஆகிறது என்று வைத்தால் நிஜச் செலவு 24,000. சட்டம் ‘சராசரிச் செலவு’ என்கிறது, விண்ணப்பம் ‘சம்பளம்’ என்கிறது.

அந்த 10,000மும் அப்படியே வராது. நாடு முழுவதிலுமிருந்து வரும் கோரிக்கைகளைக் கூட்டி, காங்கிரஸ் ஒதுக்கிய தொகையை அதில் விகிதப்படி பிரிப்பார்கள். அந்த வருஷம் டாலருக்கு 20 சென்ட் தேறினால் கவுண்டிக்குக் கிடைப்பது 2,000. மீதி 22,000ஐ உள்ளூர் வரிகட்டுபவர் கொடுக்கிறார், பெரும்பாலும் வீட்டுவரியாக. அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2005ல் இதைப் பார்த்தபோது, ஆராய்ந்த 5 மாநிலங்களில் 4க்குக் கிடைத்தது அவற்றின் செலவில் கால்வாசி அல்லது அதற்கும் கீழே என்றுதான் கண்டது. என்னுடைய கற்பனை ஜெயில் பெரிதாக மிகைப்படுத்தவில்லை.

இதில் இன்னொரு வடிகட்டியும் உண்டு. ஒரு பெருங்குற்றம், அல்லது இரண்டு சிறுகுற்றங்களுக்குத் தண்டனை ஆகியிருக்கவேண்டும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான கணக்காண்டில் தொடர்ந்து 4 நாளாவது உள்ளே இருந்திருக்கவேண்டும். சோதனையில்லாமல் எல்லை தாண்டி வந்தவராகவோ, விசா முடிந்தும் தங்கியவராகவோ, காவலில் எடுக்கும்போது நாடுகடத்தல் வழக்கில் இருந்தவராகவோ இருக்கவேண்டும். ஜெயில் அனுப்பும் பெயர்ப்பட்டியலைக் குடியேற்றத் துறை தன் பதிவேட்டோடு ஒப்பிடும். ராத்திரியில் பாலைவனத்தைத் தாண்டி வந்த ஆள், குடியேற்ற அதிகாரி ஒருவரையும் ஒருநாளும் சந்திக்காதவர், அந்தப் பதிவேட்டில் எப்படி இருப்பார்? எல்லைக் காவலின் கண்ணில் படாமல் வந்தவருக்குத்தான் வாஷிங்டனிடம் காசு வாங்குவது கஷ்டம். இதைவிடத் தலைகீழான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இவரைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிட்டால் செலவு மிச்சமாகுமே என்று கேட்கலாம். தண்டனைக் காலம் முடியும்வரை நாடுகடத்தக்கூடாது என்பது ஃபெடரல் சட்டத்தின் பொதுவிதி. வன்முறை இல்லாத குற்றமென்றால் மாநிலம் கேட்டுக்கொண்டதன்பேரில் முன்கூட்டி அனுப்ப விதிவிலக்கு இருக்கிறது, நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் நாடுகடத்தலுக்காகவே முன்விடுதலை ஏற்பாடு வைத்திருக்கின்றன. மெக்ஸிகோவோடு 1976ல் போட்ட கைதிகள் பரிமாற்ற ஒப்பந்தமும் உண்டு, ஆனால் அதற்குக் கைதியின் சம்மதம் வேண்டும். கொலை, பாலியல் வன்முறை வழக்குகளில் பாதித் தண்டனையில் அனுப்பிவைப்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஏற்காது, ஏற்கவும் தேவையில்லை. சொந்த நாடே காசு தரட்டும் என்போருக்கு ஒரு செய்தி: பிரிட்டன் 2015ல் ஜமைக்காவுக்கு 25 மில்லியன் பவுண்ட் தருகிறோம், சிறை கட்டி உங்கள் ஆட்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. காசு கொடுத்தே கேட்டும் 2017ல் ஜமைக்கா வேண்டாம் என்றுவிட்டது.

ஆக வாஷிங்டன்தான் தரவேண்டும் என்பது என் கட்சி, முழுசாக, சராசரிச் செலவின்படி. அதற்கு நான் சொல்லும் காரணம் படையெடுப்பு இல்லை, வருமானம். ஆவணமற்ற தொழிலாளர்களில் கணிசமானோர் யாரோ ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணிலோ, செல்லாத எண்ணிலோ சம்பளம் வாங்குகிறார்கள், அந்தச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படுகிறது. அந்த ஓய்வூதியத்தை அவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் வாங்கப்போவதில்லை. 2010ல் மட்டும் இப்படி அந்த நிதிக்கு நிகரமாகச் சேர்ந்தது சுமார் 12 பில்லியன் டாலர் என்று சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைமை ஆக்சுவரி (ஓய்வூதிய நிதிக் கணிப்பாளர்) அலுவலகமே மதிப்பிட்டது. வரவு ஃபெடரல் கல்லாவில் விழுகிறது, பள்ளிக்கூடமும் ஜெயிலும் ஆஸ்பத்திரியும் உள்ளூர்க் கல்லாவில் கழிகின்றன. ஸ்காப்புக்கு எந்தக் காலத்திலும் ஒதுக்கிய அதிகபட்சத் தொகை இந்த 12 பில்லியனில் 5 சதவீதத்தைக்கூடத் தொடாது. இந்த வாதத்தை எந்த ஆளுநரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை, காரணம் புரிகிறது: அதைச் சொல்ல, அந்த மக்கள் உழைக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள் என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

குற்றம் செய்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரையும் சேர்த்து வாருவது சுலபம். டெக்சஸ் மாநிலம் கைதாகும் ஒவ்வொருவரின் குடியேற்ற நிலையையும் சரிபார்க்கிறது. 2012 முதல் 2018 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து 2020ல் வெளிவந்த ஆய்வில், பெருங்குற்றங்களுக்குக் கைதாகும் விகிதம் அங்கே பிறந்த அமெரிக்கர்களைவிட ஆவணமற்றவர்களிடம் கணிசமாகக் குறைவு என்று தெரிந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பில், ஒரு பெரிய சமூகத்தின் சிறிய பகுதியைப் பற்றியது.

எதிர்வாதங்களில் எனக்குக் கொஞ்சம் உறுத்துவது ஒன்றுதான். முழுச் செலவும் வாஷிங்டன் தரும் என்றால், ஷெரிஃப் ஆளைப் பிடித்து உள்ளே போடுவதையே வருமானமாக ஆக்கிவிடமாட்டாரா? வாடகைக்குக் கைதிகளை வைத்துக் காசு பார்க்கும் கவுண்டி ஜெயில்கள் அமெரிக்காவில் இல்லாமலில்லை. இதற்குத்தான் தண்டனை ஆகியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடக்கூடாது. சிறுகுற்றங்களை எடுத்துவிட்டுப் பெருங்குற்றங்களுக்கு மட்டும் முழு ஈடு என்று வைத்தால் இன்னும் நல்லது. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியவரை நான்கு நாள் வைத்திருந்து கணக்கில் ஏற்றும் ஆசை அப்போது யாருக்கும் வராது. பட்டியல் கொடுப்பது குடியேற்றத் துறைக்கு ஆள் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. அது பொய்யான பயமில்லை. அடிவாங்கும் பெண் போலீசைக் கூப்பிடத் தயங்கினால் ஊருக்கே கெடுதல். ஆனால் தண்டனை ஆனவர்களின் பட்டியலோடு அது நிற்குமானால், புகார் கொடுக்க வருபவரையும் சாட்சியையும் தொடாது.

நபோலிடானோ 2009 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலர் (நம்மூரில் மத்திய அமைச்சர் மாதிரி) ஆனார். ஸ்காப் பட்டியல்களை ஒப்பிடும் குடியேற்றத் துறை அவர் கீழே வந்தது. ஒபாமா நிர்வாகத்தின் முதல் பட்ஜெட் ஸ்காப்புக்கு ஒதுக்கச் சொன்னது பூஜ்யம், காங்கிரஸ் 330 மில்லியன் கொடுத்தது. அரிசோனாவில் அவருக்குப் பின் வந்த ஜேன் ப்ரூவர், 2011 பிப்ரவரியில் ஃபெடரல் அரசுமேல் போட்ட எதிர்வழக்கில் இந்தச் சிறைச் செலவுப் பாக்கியையும் சேர்த்தார், படையெடுப்பு வாதத்தையும் மறக்காமல் சேர்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி சூசன் போல்ட்டன் அதைத் தள்ளுபடி செய்தார். அரிசோனாவின் இதே வாதங்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997லேயே கேட்டு முடித்துவிட்டிருந்தது.